பாகல் பிஞ்சு வெம்புகிறதா? பழ ஈயை மறித்துப் பார்த்த ஒரு பட்டம்

ஆடிப் பட்டம், மாடித் தோட்டம். 15 அங்குல குரோ பேக் இரண்டு, பைக்கு இரண்டு கொடி. செம்மண் 2 பங்கு, அலசிப் பிழிந்த கோகோபீட் (தென்னை நார்த் துகள்) 1 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு, பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. பாகல் விதைக்குத் தோல் தடிமன் என்பதால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளை எட்டிப் பார்த்த பிறகே ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றியது.

ஏழாவது இலை வந்ததும் நுனியைக் கிள்ளியாயிற்று. மனசு கேட்காதுதான். ஆனால் பெண் பூ அதிகம் வருவது பக்கக் கிளைகளில். கிள்ளாத கொடி ஒற்றையாய்ப் பந்தல் ஏறி இலையைத்தான் காட்டும்.

38-ஆம் நாள் முதல் பூக்கள். எல்லாமே ஆண் பூ, எல்லாமே உதிர்ந்தன. இதற்கு மருந்து தேட வேண்டாம், பாகலின் வழக்கமே அது. பத்து நாள் கழித்துப் பெண் பூ: இதழுக்கு அடியில் முள்முள்ளாய்க் குட்டிப் பாகற்காய் ஒட்டியிருக்கும். மாடியில் தேனீ நடமாட்டம் குறைவு என்றால் காலை ஒன்பதுக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும்.

அடுத்த வாரம் பிஞ்சுகள் மஞ்சளாகத் தொடங்கின. இங்கேதான் பலரும் சத்துக் குறைவு என்று உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். முதலில் பிஞ்சைக் கீறிப் பார்க்க வேண்டும். மகரந்தம் சேராத பிஞ்சு வளராமல், ஒரே சீராய் மஞ்சளாகிச் சுருங்கும். உள்ளே சுத்தமாக இருக்கும். பழ ஈ குத்திய பிஞ்சோ கொஞ்சம் வளர்ந்து, குத்திய இடத்தில் பிசின் துளி கசிந்து, அந்தப் பக்கமாகவே வளையும். கீறினால் வெள்ளைப் புழு, தொட்டால் வில்லாய் வளைந்து துள்ளும். இங்கே துள்ளியது.

பழ ஈயைப் பிடிக்கும் பொறி வாங்கும்போது கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கக் கூடாது. மாம்பழ ஈக்கு விற்கும் மெத்தில் யூஜினால் மருந்துக்குப் பாகல் ஈ வராது. கொடிக் காய்களுக்கு க்யூ லூர் என்ற வேறு ஈர்ப்பு மருந்து. முதல் பொறி காலியாகவே தொங்கியதற்குக் காரணம் மருந்து மாறியதுதான். சரியான லூர் மாட்டியதும் இரண்டு நாளில் ஈ விழுந்தது, ஆனாலும் பிஞ்சு வெம்புவது நிற்கவில்லை. அதில் விழுவது ஆண் ஈ மட்டும். முட்டையிடுகிறவள் வெளியேதான் சுற்றுகிறாள். ஊறவைத்த கருவாட்டுத் துண்டைப் பாட்டிலில் போட்டு, பக்கத்தில் நாலு சிறு துளையிட்டுத் தொங்கவிட்டால் பெண் ஈயும் வரும். நாற்றத்தை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் காயைக் காத்தது உறைதான். பூ வாடிய மறுநாளே, ஒரு சாண் நீள நியூஸ்பேப்பர் குழலுக்குள் பிஞ்சை விட்டு, மேல்வாயை மடித்துக் காம்போடு நூலால் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கினால் காம்பு நெரிந்து பிஞ்சு அதிலேயே போய்விடும். அடிவாயையும் மடித்து மூட வேண்டும். மூடியவற்றில் வெம்பியது ஒன்றே ஒன்று, அதுவும் நாலு நாள் தாமதமாக மூடியது. பாலிதீன் கவர் உள்ளே வியர்த்து அழுக வைக்கிறது, வேண்டாம். ஐப்பசி மழையில் காகிதம் கரைந்ததும் பழைய கொசுவலைத் துணிக்கு மாற்றியாயிற்று. கண் நெருக்கமாக, காயின் மேல் ஒட்டாமல் தொளதொளவென்று இருக்க வேண்டும். ஒட்டினால் வலைக்கு மேலிருந்தே குத்திவிடும்.

வெம்பிய பிஞ்சை உரக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூண்டுப்புழுவாகி, ஈயாக மறுபடி கொடிக்கே வரும். கவரில் போட்டுக் கட்டி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் கதை முடிந்தது. பையின் மேல்மண்ணை வாரம் ஒருமுறை இரண்டு அங்குலம் கிளறிவிடுவதும் இதற்காகத்தான், வேர் அறுபடாமல்.

பூத்துப் பதினைந்து நாளுக்குள் பறித்துவிட வேண்டும். முள் மழுங்கிப் பளபளப்பு வந்தால் விதை முற்றுகிறது. விதைக்கென்று விட்ட ஒரு காய் மட்டும் ஆரஞ்சாகி வெடிக்கும்வரை வலைக்குள்ளேயே இருந்தது.