ரஷ்யத் தாவரச் சொல் அட்டைகள்: ‘பிளான்டெயின்’ முடிந்தது, அடுத்தது ‘செர்ரி’

ரஷ்யன் கற்கும் தமிழருக்கான சொல் அட்டைகளுக்காக ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்குக் கொண்டுபோன தாவரச் சொற்களில் அதிகம் தகராறு செய்தது ‘பிளான்டெயின்’தான். பல ஆங்கில-ரஷ்ய அகராதிகளில் அதற்கு முதலில் நிற்கும் சொல் ‘பதரோஷ்னிக்’. அது வாழை இல்லை, பாதையோரத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் ஒரு களை. தாவரவியல் பெயர் பிளான்டாகோ மேஜர். நம்மூர் ஆங்கிலத்திலோ பிளான்டெயின் என்றால் வாழைதான், வேறு நினைப்பே வராது. ‘பிளான்டெயின் லீஃப் சாப்பாடு’ என்பதை அகராதியின் முதல் சொல்லை வைத்து மாற்றினால், உள்ளங்கையகலக் களை இலையில் சோறு பரிமாறியதாகிவிடும். வேண்டியது ‘பனானவிய் லிஸ்த்’, அதாவது வாழையிலை.

ஆகவே, கேள்வி-விடை அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்யவைக்கும் ஆங்கிச் செயலியில் இருந்த ஒரே அட்டையை மூன்றாக உடைத்தோம். ஆங்கிலச் சொல்லை அட்டையின் முன்பக்கத்திலிருந்து எடுத்தாயிற்று. அங்கே படமும் தமிழில் ஒரு வரி விளக்கமும் மட்டுமே.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. முதலில் இலத்தீன் பெயரைப் பிடிக்க வேண்டும். அதை வைத்து ஆங்கில விக்கிபீடியாப் பக்கத்துக்குப் போய், மொழிப் பட்டியலில் ரஷ்யனைச் சொடுக்கினால் அந்தத் தாவரத்தின் ரஷ்யப் பெயர் கிடைக்கும். அதோடு நிறுத்தினால் ஆபத்து. அங்கே தலைப்பாக இருப்பது தாவரவியலார் வைத்த பெயர். தோட்டத்து ஸ்ட்ராபெர்ரிக்கு அவர்கள் சொல்வது ‘ஸிம்லினீக்கா’, சந்தையில் கூடைக்காரர் சொல்வது ‘க்ளுப்னீக்கா’. வீட்டுப் பேச்சில் முதல் சொல் பெரும்பாலும் காட்டில் பொறுக்கும் சின்னப் பழத்துக்கே போகிறது. அதனால் கிடைத்த சொல்லை 2004 முதல் இணையத்தில் இருக்கும் ரஷ்யத் தேசிய மொழித்தரவகத்தில் தேடி, உண்மையான வாக்கியங்களில் அது எதைக் குறிக்கிறது என்று பார்க்கிறோம். அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதற்குக் ‘கிராமத்தா’ தளத்தின் அகராதி. இந்த வரிசையை மாற்றுவதில்லை.

முதல் அட்டை பதரோஷ்னிக். ‘தரோகா’ என்றால் சாலை; ‘ப’ முன்னொட்டு சேர்ந்து, ‘க’ ஒலி, ‘ஷ’வைக் குரல் அதிர்வோடு சொல்லும் ஒலியாக மாறி, ‘னிக்’ விகுதி ஒட்டுகிறது. புத்தகத்துக்கு ‘க்னீகா’, சிறு புத்தகத்துக்கு ‘க்னீஷ்க்கா’ என்பதிலும் இதே மாற்றம்தான். இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் சொல் மறக்காது. மாதிரி வாக்கியமாக ‘பதரோஷ்னிக் ரஸ்த்யோத் உ தரோகி’ (சாலையோரம் வளர்கிறது) போட்டிருக்கிறோம். வேர்ச்சொல் ஒரே வரியில் இரண்டு முறை காதில் விழுகிறது, அழுத்தமும் இரண்டிலும் ‘ரோ’ மேல்தான். முழங்கால் சிராய்த்த பிள்ளைக்கு இந்த இலையை ஒட்டுவது ரஷ்ய வழக்கம். அதனால் ‘லிஸ்த் பதரோஷ்னிக்கா’ என்ற ஆறாம் வேற்றுமை வடிவமும் அட்டையில் உண்டு. மளிகைக்கடையில் வாங்கும் இசப்கோலும் இதே குடும்பத்துப் பிளான்டாகோ ஓவாட்டாவின் விதை உமிதான். இதை விளக்க வரியில் சேர்த்ததும் ரஷ்யன் கற்கும் தமிழருக்கு ஒரு பிடிப்பு கிடைத்தது.

இரண்டாவது, வாழைக்காய். ‘ஸில்யோனிய் பனான்’ (பச்சை வாழை) என்று எழுதினால் ரஷ்யருக்குப் புரிவது இன்னும் பழுக்காத பழம். சமையல் வாழைக்கு ‘அவஷ்னோய் பனான்’ (காய்கறி வாழை) தெளிவு. ‘பிளன்தான்’ என்ற சொல்லும் புழங்குகிறது. முழுக் காயின் படம் போடக் கூடாது, சாதாரண வாழைப்பழம் என்றே விடை வருகிறது. சட்டியில் வறுபடும் துண்டுகளின் படம் சரியாக வேலை செய்கிறது.

மூன்றாவது ‘பிளதான்’. இது பிளேன் மரம், வாழையோடு எந்த உறவும் இல்லை. ஆனால் எழுத்தில் ‘ன்’ ஒன்றுதான் வித்தியாசம் என்பதால் தனி அட்டை தேவைப்பட்டது. (ஸ்பானியத்தில் ‘பிளாத்தனோ’ என்ற ஒரே சொல் மரத்தையும் வாழையையும் குறிக்கும். அங்கிருந்தே தொடங்கிய குழப்பம்.) இலையை மட்டும் காட்டினால் மேப்பிளின் பெயரான ‘க்ல்யோன்’ என்று விடை எழுதிவிடுகிறார்கள். திட்டுத்திட்டாய் உரியும் பட்டையும் காம்பில் தொங்கும் உருண்டைக் காயும் படத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

தமிழ் ஒலிபெயர்ப்பை அட்டையில் வைப்பது பற்றி: தொடக்கநிலை அட்டைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எடுத்துவிட்டோம். ‘பிளந்தான்’ என்று எழுதினால் விறகு பிளந்தவன் நினைவுக்கு வருவது போகட்டும், ‘ந்’துக்குப் பின் வரும் ‘த’வை நம் வாய் தானாகவே மென்மையாக்கிவிடுகிறது. ரஷ்யனில் அது வல்லொலி. ‘ன்தா’ என்று எழுதினால் ஓரளவு தப்பலாம். பனானின் முதல் ஒலியும் பிளதானின் முதல் ஒலியும் ரஷ்யனில் வேறுவேறு, நம்மிடம் இரண்டுக்கும் ஒரே ‘ப’தான். ஆகவே ஒலிப்பதிவு இல்லாத அட்டையைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை. ஃபோர்வோ தளத்தில் தாய்மொழியாளர் குரல் கிடைக்கிறது.

அழுத்தக் குறியில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல். உயிரெழுத்துக்குப் பின் யூனிகோட் 0301 குறியைச் சேர்த்தால் திரையில் சரியாகத் தெரியும். ஆனால் விடையைத் தட்டச்சு செய்யும் அட்டையில் குறி இல்லாமல் அடித்த சரியான விடையும் தவறாகக் காட்டப்படும். தீர்வு எளிது: குறியுடன் ஒரு புலம் காட்டுவதற்கு, குறியில்லாமல் இன்னொன்று ஒப்பிடுவதற்கு. இரண்டு புள்ளி வைத்த ‘யோ’ எழுத்துக்கு அழுத்தக் குறி வேண்டாம், அழுத்தம் அநேகமாக எப்போதும் அதன்மேல்தான் விழும். புள்ளியை மட்டும் விட்டுவிடக் கூடாது. அச்சில் விடுகிறார்கள் என்பதால் பீட்ரூட்டை, ‘ஸ்வ்யோக்லா’ என்பதற்குப் பதில், கடைசி அசையில் அழுத்திச் சொல்லும் பழக்கம் கற்போருக்கு வந்துவிடுகிறது.

மூன்று அட்டைகளையும் ஒரே நாளில் இறக்கினால் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பதரோஷ்னிக் அட்டை திரும்பக் கேட்கப்படும் இடைவெளி 21 நாளை எட்டும்வரை, அதாவது ஆங்கி ‘முதிர்ந்தது’ என்று கணக்கிடும்வரை, மற்ற இரண்டையும் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு வாழைக்காய், கடைசியில் மரம்.

இப்போது கையில் இருப்பது செர்ரி. புளிப்பானது ‘வீஷ்ன்யா’, இனிப்பானது ‘சிரேஷ்ன்யா’. இரண்டும் மரத்துக்கும் பழத்துக்கும் பொதுப்பெயர். நம் பேக்கரிக் கேக்கின் மேல் இருக்கும் ‘செர்ரி’ பல நேரம் சாயம் ஏற்றிய களாக்காய், அந்தப் படம் உதவாது. நிறத்தை வைத்தும் பிரிக்க முடியாது, கருஞ்சிவப்புச் சிரேஷ்ன்யாவும் உண்டு. பயன்பாட்டைக் காட்டுவதே வழி: ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில் வீஷ்ன்யா, தட்டில் அப்படியே தின்ன வைத்தது சிரேஷ்ன்யா. சந்தை வாக்கியத்தில் ‘கிலகிராம் வீஷ்னி’ என்று ஒருமையே வரும். பன்மையில் வேற்றுமை ஏறும்போது இடையில் ஓர் உயிர் புகுந்து ‘வீஷென்’ ஆகும். இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி வாக்கியம் எழுதியாயிற்று, ஒலிப்பதிவுதான் பாக்கி.

அதன்பின் ‘ஹெம்லாக்’. நச்சுச் செடிக்குப் ‘பலிகலோஃப்’, ஊசியிலை மரத்துக்கு ‘த்ஸூகா’. செடியின் தண்டில் ஊதாத் திட்டுகள் தெளிவாகத் தெரியும் படம் கிடைத்ததும் அட்டை போடலாம்.