மொஸ்தார்: பாலத்தைத் தாண்டி ஒரு சாலை

போஸ்னியா-ஹெர்ஸகோவினா நாட்டில் இருக்கும் மொஸ்தார் நகரத்துக்கு வருகிறவர்கள் முதலில் பழைய பாலத்துக்குத்தான் போகிறார்கள். நானும் போனேன். ஓட்டோமான் ஆட்சியில் 1566-இல் கட்டியது. 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியக் குரோஷியர்களின் படை குண்டு வீசித் தகர்த்தது. 2004-இல் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கீழே நெரேத்வா ஆறு பச்சைப் பசேலென்று ஓடுகிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது பாலம் அல்ல. அதற்கு மேற்கே சற்றுத் தள்ளி இருக்கும் புலெவார் என்ற சாலை. 1993-இல் அதுதான் போர்முனை. இந்தப் பக்கம் போஸ்னிய முஸ்லிம்கள், அந்தப் பக்கம் குரோஷியர்கள். கூரை போன வீடுகள் இன்னும் நிற்கின்றன, ஜன்னல் வழியே மரம் எட்டிப் பார்க்கிறது. ஒரு சுவரில் இருந்த துளைக்குள் என் கட்டைவிரல் முழுசாகப் போனது.

நான் தங்கிய வீட்டுக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, முஸ்லிம். 1992-இல் யூகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தபோது, எச்.வி.ஓ என்ற அந்தப் போஸ்னியக் குரோஷியப் படையில்தான் அவர் சேர்ந்தாராம். ஏன் என்று கேட்டேன். அவர்களிடம்தான் துப்பாக்கி இருந்தது என்றார். அவ்வளவுதான் காரணம். 1991-லேயே ஐ.நா. யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை விதித்துவிட்டது. பக்கத்திலேயே குரோஷியா இருந்ததால் எச்.வி.ஓ-வுக்கு ஆயுதம் வந்து சேர்ந்தது. இரண்டு இனத்தாரும் சேர்ந்துதான் ஜூனில் செர்பியப் படைகளை விரட்டினார்கள். நகரத்துச் செர்பியர்களில் பெரும்பாலோர் அந்த வருடமே வெளியேறிவிட்டார்கள்.

அடுத்த வருடம் மே 9 விடியற்காலையில் எச்.வி.ஓ முஸ்லிம்களைத் தாக்கியது. ஜூன் 30 அன்று, முஸ்லிம்கள் அதிகம் இருந்த போஸ்னிய ராணுவம் திருப்பி அடித்தது, எச்.வி.ஓ-வில் இருந்த முஸ்லிம் வீரர்கள் சிலர் அதற்கு உதவினார்கள். அதன் பிறகு, உதவியவர் உதவாதவர் என்று யாரும் பார்க்கவில்லை. எச்.வி.ஓ-காரர்கள் தங்கள் முஸ்லிம் வீரர்களின் துப்பாக்கிகளைப் பிடுங்கி, ஆயிரக்கணக்கான ஆண்களை ஹெலியோட்ரோம் முகாமில் அடைத்தார்கள். நம் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். காவலுக்கு நின்றவன் முந்தின வருடம் அவரோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன். பல நூறு வருடப் பகை என்று இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

சாயங்காலம் கிழக்குக் கரையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். போருக்கு முன் அது பூங்கா. வெள்ளைக் கற்களில் பிறந்த வருடம் மட்டும்தான் மாறுகிறது. 1956, 1971, 1974. இறந்த வருடம் வரிசை வரிசையாக 1993. ஒரு கல்லின் முன் நின்று, இது என் தம்பி என்றார். பாட்டில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். மிச்சத்தைப் பக்கத்துக் கல்லறைச் செடிக்கும் ஊற்றினார்.