பாத்டப்பில் அல்லிக் குளம்

கோவை வடவள்ளியில் இந்த வீட்டை வாங்கியபோது மாடிக் குளியலறையில் ஒரு பாத்டப்பும் கூடவே வந்தது. ஐந்தடி நீளம், இரண்டேகால் அடி அகலம், வெள்ளை அக்ரிலிக். முன்பு இருந்தவர்கள் ஆசைப்பட்டு வைத்தது. எங்கள் வீட்டில் அதில் படுத்துக் குளித்தவர் ஒருவரும் கிடையாது. மார்கழி முடிந்ததும் கம்பளிகளை ஊறப்போடுவோம். 2017 கோடையில் சிறுவாணி அணை வற்றிக் குடிநீருக்குத் திண்டாடியபோது அதுதான் எங்கள் வீட்டு அணை. மற்ற நாளெல்லாம் துவைக்காத துணி கிடக்கும் இடம்.

போன புரட்டாசியில் டைல்ஸ் மாற்றும்போது கொத்தனார் அதைப் பெயர்த்தெடுத்து வாசலில் வைத்துவிட்டார். பழைய இரும்புக்காரர் விரலால் தட்டிப் பார்த்தார். "இது பைபருங்க. குழாயைக் கழட்டிக் குடுத்தா எடை போட்டுக்கறேன். தொட்டி எனக்கு வேண்டாமுங்க." குழாயையும் கொடுக்கவில்லை, தொட்டியும் போகவில்லை. இரண்டு மழைக்குப் பிறகு எட்டிப் பார்த்தால் அடியில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. இதில் உயிர் வளரும் என்றால் நமக்குப் பிடித்த உயிரை வளர்க்கலாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

எளிதான வேலை என்றுதான் நினைத்தேன். குழி தோண்டி, தொட்டியை இறக்கி, தண்ணீர் ஊற்றினால் குளம். ஆனால் பாத்டப் என்பது தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் வெளியேறுவதற்காகவே செய்த சாமான். அடியில் ஓட்டை, ஓட்டையை நோக்கிச் சரிவு, அழுக்கு ஒட்டாத வழவழப்பு, அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளை. குளிக்கிறவருக்கு நல்லதாக இருந்த ஒவ்வொரு குணமும் குளத்துக்கு இடைஞ்சல். இந்தப் பத்து மாதமும் அந்தக் குணங்களோடு மல்லுக்கட்டியதுதான் கதை.

முதலில் ஓட்டை. இருந்த ரப்பர் மூடியைச் செருகி, சுற்றிலும் எம்சீல் பிசைந்து அப்பினேன். செங்கல் மேல் தொட்டியை ஏற்றித் தண்ணீர் நிரப்பி வைத்தால், காலையில் நான்கு விரல் இறங்கியிருந்தது. எம்சீல் கல்லாக இறுகியிருந்தது, ஆனால் நகத்தால் நெம்பியதும் பணியாரம் மாதிரி முழுசாகக் கழன்று கையில் வந்தது. வழவழப்பான அக்ரிலிக்கில், அதுவும் பல வருடச் சோப்புப் படிவத்தின் மேல், எதுதான் ஒட்டும்? அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். வெளியேற்று வாயைக் கழற்றி, சுற்றிலும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, துடைத்துக் காயவிட்டு, சிலிக்கோன் வைத்து மறுபடி முறுக்கினேன். கீழே ஒரு சாண் பிவிசி குழாய் இணைத்து முனையில் என்ட் கேப் போட்டுப் பசை வைத்து மூடினேன். சிலிக்கோன் காடி வாடை போகும்வரை இரண்டு நாள் தொடவில்லை. திரும்ப நிரப்பி இரண்டு நாள் வைத்துப் பார்த்ததில் ஈரமே இல்லை. மண்ணுக்குள் போனபிறகு ஒழுகினால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் இந்தச் சோதனையை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம்.

மேலே ஓரத்தில் இருக்கும் நிரம்பி வழியும் துளையை மூடவில்லை. உள்பக்கம் கொசுவலைத் துணி கட்டி, வெளிப்பக்கம் ஒரு ஹோஸ் மாட்டி வாழைமரத்தடிக்கு விட்டேன். பெருமழையில் தொட்டி வழிந்தால் மீன் வெளியே போகாது, வாழைக்கும் தண்ணீர் ஆச்சு. பாத்டப் தானாகக் கொடுத்த ஒரே உதவி இதுதான்.

குழி தோண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொட்டியைவிடச் சுற்றிலும் அரையடி கூடுதலாக வேண்டும் என்பதால் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. இரண்டடி ஆழம் போனதும் சுக்கான் கல் தட்டியது, கடப்பாரையை வாங்கி வந்தேன். மண்ணை ஒருபக்கம் குவித்துவிட்டு வியர்வையோடு நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்தார். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, வீட்ல எல்லாரும் நல்லாத்தானுங்க இருக்காங்க?" அதற்குப் பிறகுதான் எனக்கே அந்த அளவு உறைத்தது.

அடியில் மூன்று அங்குலம் ஆற்று மணல் போட்டு ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து இறக்கினோம். தொட்டியின் தரை சரிவாக இருந்தாலும் விளிம்பு மட்டமாக இருக்க வேண்டும். தண்ணீர் பொய் சொல்லாது, அரை அங்குலம் சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். சுற்று இடைவெளியில் பாதிவரை மண் தள்ளியாயிற்று. செடி வாங்கப் போவது அடுத்த ஞாயிறுதான், அதுவரை காலியாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு.

ஐப்பசி மழை செவ்வாய் ராத்திரி ஊற்றியது. தொட்டி மேல் தார்ப்பாய் போட்டிருந்ததால் உள்ளே தண்ணீர் சேரவில்லை. வெளியே குழியில் சேர்ந்தது. காலையில் பார்த்தால் பவானி ஆற்றுப் பரிசல் மாதிரி தொட்டி மிதந்து, ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கணக்குப் போட்டால் இதில் ஆச்சரியமே இல்லை. தொட்டியின் எடை இருபத்தைந்து கிலோ இருக்கும். அது கொள்ளும் தண்ணீர் 180 லிட்டர். காலியாக இருந்தால் அடியில் ஊறும் தண்ணீர் அதைத் தூக்கத்தான் தூக்கும். நானோ, மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், தண்ணீரின் அழுத்தத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறவன்! சேற்றை வாளியால் இறைத்து, மணலை மறுபடி பரப்பி, இந்த முறை தொட்டியில் தண்ணீர் ஏற ஏறச் சுற்றிலும் மண்ணை இடித்துக்கொண்டே வந்தேன். உள்ளே ஒரு சாண் தண்ணீர், வெளியே ஒரு சாண் மண். பக்கச் சுவர் பிதுங்காமல் இருக்கவும் அதுதான் வழி.

குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றினேன். குளோரின் போகட்டும் என்று இரண்டு நாள் வெயிலில் விட்டு, மூன்றாம் நாள் நான்கு கப்பி மீன் மட்டும் விட்டேன். இந்த வெயிலுக்குக் கொசு முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். அதனால் செடிக்காகக் காத்திருக்கவில்லை.

செடி விஷயத்தில் அம்மாவும் நானும் கூட்டு. வசம்பு அம்மாவின் யோசனை. அதை அவர் வசம்பு என்று சொல்வதே இல்லை, 'பேர் சொல்லாதது' என்பார். ஓரத்தில் இரண்டு செங்கல் மேல் ஒரு பூந்தொட்டி வைத்து அதை நட்டோம். விளிம்பில் ஈரம் படும் இடத்தில் வல்லாரை. தண்ணீருக்குள் வேலம்பாசி ஒரு பிடி. நடுவில் இன்னொரு பூந்தொட்டியில் சிவப்பு அல்லிக் கிழங்கு ஒன்று. ஆகாயத்தாமரையும் அழகாகத்தான் இருக்கும், சும்மாவும் கிடைக்கும். ஆனால் சிங்காநல்லூர் குளத்தை அது மூடிக் கிடந்ததைப் பார்த்த யாரும் அதைத் தெரிந்தே வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

அல்லிக்கு மண் கலக்கும்போது நான் செய்த புத்திசாலித்தனம்: களிமண்ணோடு இரண்டு கை மாட்டுச் சாணம். ரோஜாவுக்கு நல்லது என்றால் அல்லிக்கும் நல்லதுதானே? ஐந்தாம் நாள் தண்ணீர் முழுக்கப் பச்சை. பத்தாம் நாள் கையை முழங்கைவரை விட்டால் விரல் தெரியவில்லை. கூடவே சாக்கடை வாடை. சாணத்தின் சத்து தண்ணீரில் கரைய, மேலே நிழல் தர இலையும் இல்லாமல் முழு வெயில் விழ, பாசிக்குக் கொண்டாட்டம். பூந்தொட்டியை எடுத்து வெறும் களிமண்ணில் கிழங்கை மறுபடி நட்டேன். முளை மட்டும் வெளியே தெரிய, மேலே ஓர் அங்குலம் கூழாங்கல். மண் கலங்காது, மீனும் கிளறாது. தரைச் சரிவில் பூந்தொட்டி ஓட்டைப் பக்கமாக வழுக்கிக்கொண்டே போனதால் கீழே ஓட்டுத்துண்டு ஒன்றை ஆப்பு வைத்தேன்.

பச்சைத் தண்ணீரை என்ன செய்வது? ஆளாளுக்கு மாற்றச் சொன்னார்கள். இரண்டு தடவை பாதியை மாற்றினேன், இரண்டு தடவையும் ஐந்தே நாளில் திரும்பப் பச்சை. மூன்றாம் தடவை ஒன்றும் செய்யாமல் விட்டேன். வேலம்பாசி வளர்ந்தது, அல்லி இலை ஏழெட்டு மேலே வந்து பாதி மேற்பரப்பை மூடியது. கார்த்திகைக் கடைசியில் ஒரு காலையில் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. எந்த நாளில் தெளிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தண்ணீர் தெளிந்ததும் சுவர் தெரிந்தது. வெள்ளைச் சுவரில் பச்சைப் படலம். மார்கழியில் நான் ஆபீஸ் போயிருந்த நேரம் அம்மா தேங்காய் நாரோடு உட்கார்ந்து, கை எட்டிய இடமெல்லாம் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். "பாத்திரம் மாதிரி ஆக்கிட்டேன் பாருடா!" மறுநாளே மீன்கொத்தி வந்தது. வெள்ளைத் தட்டில் வைத்த மாதிரி மீன் தெரிந்தால் அதுதான் என்ன செய்யும்? குஞ்சும் பெரியதுமாகப் பதினொன்று இருந்த கப்பி ஆறாகிவிட்டது. அதிலிருந்து அந்தப் படலத்தை யாரும் தொடுவதில்லை. இப்போது சுவர் தவிட்டுப் பச்சை. பாத்டப் என்றே தெரியாது.

மாசியில் நடந்ததை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்த்தால் அல்லி இலைகளுக்கு நடுவே ஓர் அணில் மிதக்கிறது. வால் முடி நனைந்து நூல் மாதிரி ஆகியிருந்தது. எடுத்துப் புதைத்துவிட்டு வந்து பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவர்ப் படலத்தில் மூன்று இடங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், நான்கு நான்காக. ஏற முயன்று வழுக்கிய நகக்கீறல். அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. ஒருபக்கம் சொரசொரப்பான கல்லைப் படிப்படியாக அடுக்கி மேலே தண்ணீருக்கு வெளியே நீட்டினேன். எதிர்ப்பக்கம் ஒரு வேப்பங்கிளையைச் சாய்த்து, விளிம்பிலிருந்து தேங்காய் நார்க் கயிறு இரண்டு தொங்கவிட்டேன். கல் வைத்த மறுவாரமே கொண்டைக்குருவி ஜோடி அதில் இறங்கிக் குளிக்க ஆரம்பித்தது. பாத்டப் செய்கிறவர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் குளமாக்குகிறவர்கள் முதல் நாளே வழி வைத்துவிடுங்கள், என்னை மாதிரி ஓர் உயிர் போனபிறகு அல்ல.

பங்குனி வெயிலில் தண்ணீர் வேகமாக இறங்கியது. ஒழுகுகிறதோ என்ற பழைய பயம். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே கோடு போட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாரத்தில் வாளியிலும் தொட்டியிலும் ஒரே அளவுதான் இறங்கியது. வெயில் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய எட்டு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் முன்பே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினேன். மதியம் கையை விட்டால் மேலாக நாலு விரல் வெந்நீராட்டம் இருந்தது. மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்ததும் சரியானது. காலை வெயில் ஐந்து மணி நேரம் அல்லிக்கு வேண்டும், அதை மறைக்கவில்லை. பம்ப், நீரூற்று ஏதும் போடவில்லையா என்று ஆபீஸில் கேலி செய்கிறார்கள். அல்லிக்கு நின்ற தண்ணீர்தான் பிடிக்கும், இலை மேல் சதா தண்ணீர் தெறிப்பது ஆகாது.

முதல் மொட்டு சித்திரையில். நான்கு நாள் காலையும் மாலையும் பார்த்தோம், விரியவே இல்லை. ஆபீஸ் போகும்போதும் மொட்டு, வந்தாலும் மொட்டு. சிவப்பு அல்லி ராத்திரிப் பூ என்பது படித்துத் தெரிந்த விஷயம்தான், மண்டையில் ஏறவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி மின்சாரம் போனதும் காற்றுக்காக வெளியே வந்த மனைவிதான் கூப்பிட்டாள். "ஏங்க, டார்ச் எடுத்துட்டு வாங்க!" உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து நின்றது. காலை வெயில் ஏறியதும் மூடிக்கொண்டது. மூன்று ராத்திரி அப்படி விரிந்து மூடி, பிறகு தலை சாய்த்துத் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஆனியில் மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புக்கு வந்த பெண்மணி பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு இங்கே வந்தார். "தண்ணி தேக்கி வெச்சிருக்கீங்களே சார்?" டார்ச் அடித்து, மக்கினால் மூன்று இடத்தில் மொண்டு பார்த்தார். மக்கில் புழு இல்லை, கப்பிக் குஞ்சு இரண்டு இருந்தது. திரும்ப ஊற்றிவிட்டுப் போனார். இப்போது கப்பி எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது. யார் கேட்டாலும் தருகிறேன், குளத்திலோ வாய்க்காலிலோ விடக்கூடாது என்று சொல்லித்தான் தருகிறேன். அது நம் ஊர் மீன் இல்லை. விட்டால் அங்கே இருப்பதை நெருக்கிவிடும்.

செலவு இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய், கடப்பாரை உட்பட. தட்டான் புழு ஒன்று வேலம்பாசியில் இருக்கிறது, குஞ்சைத் தின்கிறது, விட்டுவிட்டேன். இலை மேல் அசுவினி வந்தால் ஹோஸால் அடித்துத் தண்ணீரில் தள்ளுவேன், மீன் பார்த்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் பக்கமே போவதில்லை. அல்லிக் கிழங்கு பூந்தொட்டியை நிறைத்துவிட்டது, இந்த ஆடியில் பிரித்து நட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பங்கு கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக் கொல்லையில் பாதியாக அறுத்த பழைய டிரம் ஒன்று இருக்கிறதாம். குழி தோண்ட ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வரச் சொல்லியிருக்கிறார்.