மகனின் கரப்பானும் என் விரல் நுனியும்

மகனுக்கு நாலு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்பக்கமும் கரப்பான், எக்ஸிமா என்கிற அரிப்புத் தோல் நோய். ராத்திரியெல்லாம் சொறிவான், காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். தோல் டாக்டர் எழுதித் தந்தது ஸ்டீராய்டு கிரீம் என்று தெரிந்ததும் எனக்குக் கை வரவில்லை.

காரணம் என் தம்பி. தொடை இடுக்கில் படர்தாமரை வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கினான். குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாகக் கலந்தது. ரெண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தினால் திரும்ப வரும், மறுபடி போடுவான். இப்படியே எட்டு மாதம். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும், அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். வட்டம் வயிறு வரை ஏறியது. தோல் மெலிந்து, பிரசவ வரி மாதிரி தொடையில் கோடு விழுந்தது. படர்தாமரை ஆறியும் கோடுகள் போகவில்லை. பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. அவனிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை.

அந்தப் பயத்தில் மகனுக்குப் பொட்டு வைக்கிற அளவுதான் போட்டேன். கொஞ்சம் அடங்கினால் நிறுத்துவேன், முற்றினால் மறுபடி எடுப்பேன். மூன்று மாதமாகியும் 15 கிராம் டியூப் பாதி தீரவில்லை, கரப்பானும் தீரவில்லை. டாக்டரம்மா டியூபை அமுக்கிப் பார்த்தார். திட்டவில்லை. "உங்க தம்பிக்கு வந்த வியாதியும் வேற, போட்ட மருந்தும் வேற" என்றார். குளோபெட்டசால் இருப்பதிலேயே வீரியமான வகை. மகனுக்குக் கொடுத்த ஃப்ளூட்டிகாசோன் 0.05% கிரீம் அதைவிட வெகுவாகக் குறைந்தது. கன்னத்துக்கு அதையும் போடக் கூடாது, இன்னும் லேசான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மட்டும். முகம், இடுக்கு, கண்ணிமையில் தோல் மெல்லிசு, மருந்தை அதிகமாக இழுக்கும்.

பிறகு என் ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லி, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாக மருந்தைப் பிதுக்கினார். அது சுமார் அரை கிராம். பெரியவர்களின் விரல்களோடு சேர்ந்த ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். குழந்தைக்குப் போட்டாலும் அளப்பது பெரியவர் விரலால்தான். மகனின் நாலு மடிப்புக்கும் சேர்த்து ஒரு விரல் நுனி. நான் அதில் கால்வாசிகூடப் போட்டதில்லை.

எப்போது நிறுத்துவது என்று கேட்டேன். சிவப்பு போனதும் என்று எங்கோ படித்திருந்தேன். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, கருத்தும் தடித்தும்தான் தெரியும் என்றார். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோல் மாதிரி வழவழப்பாகும் வரை, ராத்திரி ஒரு வேளை. ரெண்டு வாரத்தில் அடங்காவிட்டால் நாமாக நீட்டாமல் வந்து காட்ட வேண்டும். போட்ட இடத்தை பிளாஸ்டிக் கவரால் மூடக் கூடாது. குளித்ததும் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர், இருபது நிமிடம் கழித்து மருந்து. மாமியார் பூசிவந்த குப்பைமேனி விழுதை, வெடித்த தோலில் எரிகிறதே என்று நிறுத்தச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் மடிப்பு வழவழத்தது. அன்று அவன் எழாமல் தூங்கினான். நான்தான் ரெண்டு முறை எழுந்து பார்த்தேன்.

ஆறின இடம் வெளுத்திருந்ததைப் பார்த்து மறுபடி பயந்து ஓடினேன். மருந்தால் இல்லை, கரப்பான் விட்டுப்போன தடம், நிறம் திரும்பும் என்றார். நாலு மாதத்தில் திரும்பியது. இப்போது அடிக்கடி வரும் அந்த மடிப்புகளில் சனி, ஞாயிறு ராத்திரி மட்டும் மருந்து, தினமும் மாய்ஸ்சரைசர். நன்றாக இருக்கிற தோலில் மருந்து போடத்தான் எனக்கு மனசு வர நாளாயிற்று. முன்பு மாதம் ரெண்டு முறை முற்றும். இந்த ஆறு மாதத்தில் ஒரே முறை.

நான் இல்லாத நேரத்தில் மாமியார் மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்று ரெண்டு டியூபிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'முகம்', 'கை கால்'.