கனடிய இலக்கியத் தாளுக்கு ஈ. ஜே. பிராட்டை எப்படிப் படிக்கலாம்

எம்.ஏ. ஆங்கிலத்தில் கனடிய இலக்கியத் தாள் எழுதுகிறவர்களில் நிறையப் பேர் கவிஞர் ஈ. ஜே. பிராட்டை ஒரே ஒரு கவிதையோடு முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கும் பாடத்தில் இருந்தது 'தி டையிங் ஈகிள்' மட்டும்தான். மலை உச்சியை ஆண்ட கழுகு ஒரு விமானத்தைப் பார்த்து ஒடுங்கிப்போகிறது, இயந்திரத்திடம் இயற்கை தோற்கிறது என்று எழுதினாலே பாஸ் மார்க் வந்துவிடும். ஆனால் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு படித்தால் பதிலே வேறு மாதிரி வருகிறது, மனப்பாடமும் பாதியாகக் குறைகிறது.

முதலில் ஊர். 1882-ல் நியூஃபவுண்ட்லாந்தில் வெஸ்டர்ன் பே என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தார். அப்போது அது கனடாவே கிடையாது, தனி பிரிட்டிஷ் காலனி. கனடாவோடு அது சேர்ந்தது 1949-ல்தான், அதற்குள் பிராட் தன் முக்கியமான கவிதைகளில் பெரும்பாலானவற்றை எழுதி, கனடாவின் பெரிய கவிஞர் என்று பெயரும் வாங்கிவிட்டார். அம்மா கப்பல் கேப்டன் ஒருவரின் மகள். அப்பா மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவின் போதகர். கடலுக்குப் போனவர் இனி வரமாட்டார் என்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லும் பொறுப்பு அந்த ஊர்களில் போதகருடையது. இதை மனதில் வைத்துக்கொண்டு 'எரோஷன்' படியுங்கள். எட்டே வரி. பாறை ஒன்றைச் செதுக்கக் கடலுக்கு ஆயிரம் ஆண்டுகள் ஆயின, அதே கோடுகளை ஒரு பெண்ணின் முகத்தில் செதுக்க ஒரு மணி நேரப் புயல் போதுமாக இருந்தது. இயற்கை வர்ணனை என்று இதற்கு நோட்ஸ் எழுதிவைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், சாவுச் செய்தி வந்த வீடு அந்தக் கவிதைக்குள் இருக்கிறது.

அப்புறம் அவர் பேராசிரியர் ஆன வழி. துணிக்கடையில் வேலை பழகினார், பள்ளியில் சொல்லிக்கொடுத்தார், பிரசங்கம் செய்தார், படிப்புக்குப் பணம் சேர்க்க நுரையீரலுக்கு நல்லது என்று ஒரு மருந்தைக் காய்ச்சிக் கடலோர ஊர்களில் விற்கக்கூட விற்றார். 1907-ல் டொராண்டோவின் விக்டோரியா கல்லூரியில் சேர்ந்து தத்துவம் படித்தார், பிறகு இறையியல், 1917-ல் பைபிளில் வரும் பவுலின் உலக முடிவு பற்றிய சிந்தனை குறித்த ஆய்வுக்கு டாக்டர் பட்டம், இடையில் உளவியல் துறையில் வேலை. ஆங்கில இலக்கியத்தில் ஆய்வுப் பட்டமே இல்லாத இவரைத்தான் 1920-ல் அந்தக் கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவர் பெல்ஹாம் எட்கர் தன் துறைக்கு அழைத்தார், 1953-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். முதல் முக்கியத் தொகுப்பான 'நியூஃபவுண்ட்லாந்து வெர்ஸ்' வந்தது 1923-ல், நாற்பது வயது தாண்டிய பிறகு. உங்கள் விமர்சனத் தாளில் வரும் நார்த்ரப் ஃபிரை இவருடைய மாணவர், பிறகு அதே கல்லூரியில் சக பேராசிரியர், பிராட்டின் கவிதைத் தொகுப்பின் 1958 பதிப்பைத் தொகுத்தவரும் அவர்தான். இதை ஒரு வரியில் சேர்த்தால் திருத்துகிறவர் கண்ணில் நிச்சயம் படும்.

நெடுங்கவிதைகள்தான் எல்லோரையும் பயமுறுத்துபவை. அதற்கு எனக்கு உதவிய வழி, கவிதைக்கு முன்னால் சம்பவத்தைப் படித்துவிடுவது, ஏனென்றால் பிராட்டே அப்படித்தான் வேலை செய்தார், ஆவணங்களைத் தோண்டிப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார். 'தி டைட்டானிக்' (1935) படிக்கக் கப்பல் மூழ்கிய கதை தெரிந்தால் போதும். 'பிரெபுஃப் அண்ட் ஹிஸ் பிரெத்ரன்' (1940) படிக்க 1649-ல் ஹூரான் பழங்குடி மக்களின் நாட்டில், அவர்களோடு போரிட்ட இரோக்குவா பழங்குடியினரால் கொல்லப்பட்ட ஜெசூட் (இயேசு சபை) பாதிரியார் பிரெபுஃபைப் பற்றித் தெரிய வேண்டும். அதை முழுக்கப் பாதிரியார்களின் கண்ணாலேயே சொல்கிறார் என்பதையும், இரோக்குவா மக்கள் அதில் வெறும் கொடூரர்களாக வருகிறார்கள் என்ற விமர்சனத்தையும் கட்டாயம் எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'டுவர்ட்ஸ் தி லாஸ்ட் ஸ்பைக்' (1952). கனடிய பசிபிக் ரயில் பாதை போட்ட கதை, 1885 நவம்பரில் கிரெய்கெலாக்கியில் கடைசி ஆணி அடிப்பதுவரை போகும். வடக்கே பரந்து கிடக்கும் ஆதிப் பாறைநிலத்தை, தூங்கிக்கொண்டிருக்கும் பிரம்மாண்டமான பெண் பல்லியாக ஆக்கி, டைனமைட் வெடிக்க வெடிக்க அது எப்படிப் புரள்கிறது என்று எழுதியிருக்கிறார், அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆனால் மலைகளைக் குடைந்து உயிரைவிட்ட சீனத் தொழிலாளர்கள் எங்கே என்று இன்னொரு கனடியக் கவிஞர் எஃப். ஆர். ஸ்காட் ஒரு கவிதையிலேயே பிராட்டைக் கேட்டார். பாதை முடிந்த அதே 1885-ல் சீனர்கள் நாட்டுக்குள் வர தலைக்கு 50 டாலர் வரி போட்டது கனடா அரசு. எனக்கு ஸ்காட்டின் கேள்வி நியாயமாகவே படுகிறது, அதற்காகப் பிராட்டின் கவிதையை ஒதுக்கவும் மனம் வராது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேசியக் காவியம் யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று எழுதினால் அந்த எஸ்ஸேக்கு நல்ல மார்க் கிடைக்கும், எனக்குக் கிடைத்தது.

ஒரு மார்க் கேள்விக்கு: கனடாவின் முக்கிய இலக்கிய விருதான கவர்னர் ஜெனரல் விருது மூன்று முறை, 'தி ஃபேபிள் ஆஃப் தி கோட்ஸ்' (1937), பிரெபுஃப், லாஸ்ட் ஸ்பைக். மறைவு 1964. நேரம் குறைவாக இருந்தால் 'எரோஷன்', 'தி ஷார்க்', 'ஃப்ரம் ஸ்டோன் டு ஸ்டீல்' மூன்றையும் முதலில் முடியுங்கள், பிறகு டைட்டானிக், கடைசியாகப் பிரெபுஃப். பிரெபுஃபில் பன்னிரண்டு பகுதிகளும் முடியாவிட்டால் கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள்.