பழைய கோவாவில் அம்மாவின் நேர்ச்சை

2017 ஒக்கிப் புயலில் தம்பியின் படகு கரை திரும்பாத நாட்களில்தான் கோட்டாறு சவேரியார் ஆலயத் திருவிழாவும் நடந்தது. "சவேரியாரே, என் பிள்ளையை உயிரோடு தாரும். கோவாவுக்கே வந்து உம்முடைய பாதத்தில் விழுகிறேன்" என்று, அவருடைய திருவுடல் இருக்கும் கோவாவை நினைத்து அம்மா நேர்ந்துகொண்டார். தம்பி லட்சத்தீவில் கரையேறிவிட்டான் என்று செய்தி வந்தது. அம்மாவின் முழங்கால் வலியால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த நேர்ச்சை கடந்த நவநாளில்தான், அவருடைய திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபத்தின்போதுதான், நிறைவேறியது.

பழைய கோவாவில் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே மெழுகுவர்த்தி விற்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மெழுகில் செய்த கை, கால், வீடு என்று அம்மாவின் மடியிலேயே திணிக்கிறார்கள். விலை கேட்டால் ஒன்று சொல்கிறார்கள், நாலடி நடந்தால் பாதியாகிவிடுகிறது. வேண்டுதலோடு வருகிற முதியவர்களை இப்படி அலைக்கழிப்பது பெரும் பாவம்.

போம் இயேசு பேராலயத்தின் முகப்பை நிமிர்ந்து பார்த்ததும் அந்தக் கோபம் அடங்கியது. 1594இல் தொடங்கி 1605இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம். அதை ஒட்டியே இயேசு சபைத் துறவிகள் வாழ்ந்த மடம். சுவரெல்லாம் செந்நிற வெட்டுக்கல். மழைநீரைக் குடிக்கும் கல் என்பதால் அன்று சுண்ணாம்பு பூசிக் காத்தார்கள். 1950களில் அந்தப் பூச்சை உரித்துவிட்டார்கள். ஒவ்வொரு பருவமழையிலும் நனைகிற அந்தச் சுவரைக் கண்டால் வயிறு எரிகிறது. மீண்டும் பூசத்தான் வேண்டும்.

உள்ளே ஒரே நெரிசல். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியை ஆண்ட மூன்றாம் கோசிமோ அளித்த பளிங்கு மேடை 1698இல் அமைந்தது. அதன் உச்சியில், கோவாத் தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழையில் சவேரியார் துயில்கிறார். அவ்வளவு உயரத்தில் இருப்பதை அம்மாவால் எப்படிப் பார்க்க முடியும்? பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், காவலர் நகரச் சொன்னார். அம்மா நகரவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று உரக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் முத்துக்குளித்துறைக் கரையில், தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா சவேரியார்! அதே தமிழை, அந்தக் கடற்கரையின் மகள் ஒருத்தி அவர் காலடியில் நின்று சொல்கிறாள். பக்கத்தில் நின்ற கோவா மூதாட்டி ஒருவர் காவலரைக் கையமர்த்தினார். ஜெபம் முடியும்வரை யாரும் எங்களைத் தள்ளவில்லை. தம்பி தேம்பித் தேம்பி அழுதான். கரையேறிய அன்றுகூட அவன் அப்படி அழவில்லையாம்.

திருப்பலிக்குப் பின் அம்மாவை நிழலில் அமர்த்திவிட்டு, நானும் தம்பியும் மேட்டிலுள்ள அகுஸ்தினார் சபைத் துறவிகளின் மடத்துக்கு நடந்தோம். அதன் ஆலயம் 1602இல் முடிந்தது. 1835இல் போர்த்துகீசிய அரசு துறவற சபைகளைக் கலைத்ததும் ஆளில்லாமல் போனது. 1842இல் கூரை வளைவு விழுந்தது. 1931இல் முகப்பும் சரிந்தது. 46 மீட்டர் உயர்ந்திருந்த கோபுரத்தில் ஒரு பகுதிதான் நிற்கிறது. தரையெங்கும் கல்லறைக் கற்கள். அங்கும் முழந்தாளிட்டோம்.

அந்த மடங்களைப் பற்றி இன்னும் நிறைய எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் தம்பியின் முகம்தான் முன்னே வருகிறது. சவேரியாரே, அவனைக் கடலிலிருந்து மீட்டுத் தந்தீர். அம்மாவுக்கு உம்மிடம் வந்து சேரும் பலத்தையும் தந்தீர். உமக்குக் கோடி நன்றி. ஒக்கியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எங்கள் ஊர்த் தாய்மார்களுக்காகவும் அம்மா அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். அவர்களையும் நீரே தேற்றும்.