அம்மாவுக்கு ஓய்வு கொடுத்த கண்ணாடி

அப்பாவின் பழைய பிரிட்டிஷ் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்குப் பக்கக் கண்ணாடி இரண்டையும் மாற்றியாகிவிட்டது. வண்டி ஜோராக இருக்கிறது. வீட்டில்தான் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது.

பழைய கண்ணாடிகளுக்கு ஆயுள் முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்பதை நானும் மறுக்கவில்லை. பெசன்ட் நகரின் உப்புக் காற்றில் குரோம் முலாம் கொப்பளித்து உதிர்ந்து, உள்ளே ரசம் போய்க் கரும்புள்ளிகள் படர்ந்து, வலப் பக்கத்தில் தெரிவது லாரியா மழை மேகமா என்று ஊகிக்க வேண்டிய நிலை. இடப் பக்கத்தில் அந்தச் சந்தேகமும் கிடையாது. அங்கே கண்ணாடி உடைந்துபோய் வெறும் தண்டு மட்டுமே நின்றது. அந்தப் பக்கத்தின் முழுப் பொறுப்பும் அம்மாவிடம் இருந்தது. அப்பா ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்புவதற்கு முன் “காலியா?” என்பார், அம்மா கழுத்தை முழுவதுமாகத் திருப்பிப் பார்த்து “இருங்க, ஒரு ஸ்கூட்டர் வருது” என்றோ, “இப்ப வாங்க” என்றோ சொல்லுவாள். இடையில் புகுந்துவிட எண்ணிய பையன்களைப் பார்வையாலேயே பிரேக் போட வைத்திருக்கிறாள். எந்தக் கண்ணாடிக்கு அந்தத் திறமை உண்டு?

இருந்தாலும் அப்பாவுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. முதலில் கார் உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போனார். “என்ன வண்டி சார்?” என்று கடைக்காரர் கேட்க, “ஸ்பிட்ஃபயர்” என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல, “அது மாருதியா, ஹூண்டாயா?” என்று அடுத்த கேள்வி வந்ததாம். இரண்டாம் உலகப் போரின் போர் விமானத்தின் பெயரைத் தாங்கி 1962-இல் வெளிவந்த வண்டி, மிக்கேலொட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடல், இது 1967-இல் வந்த மூன்றாம் மார்க், அதாவது மூன்றாம் வடிவம், 1296 சி.சி. எஞ்சின் என்று அப்பா சொற்பொழிவைத் தொடங்கியிருக்கிறார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “புல்லட் கண்ணாடி போட்டுருங்க சார், கும்முனு இருக்கும்” என்றிருக்கிறார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. அதாவது, தோசையோடு நிறுத்திக்கொண்டார்.

உண்மையில் இந்த வண்டிக்குச் சென்னையில் உதிரிப் பாகம் கிடைப்பது அவ்வளவு அரிதல்ல. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் அதே கம்பெனியின் ஹெரால்ட் காரிலிருந்து பிறந்தது. முன்பக்க சஸ்பென்ஷனும் அந்த வழியில் வந்ததே. அந்த ஹெரால்டோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான கார். ஆகவே புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலைக் கிளறினால் இதற்குப் பொருந்துகிற ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். கண்ணாடி மட்டும் அகப்படவில்லை. கடைசியில் பர்மிங்ஹாமிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகன், தன் கம்பளிக் காலுறைகளுக்குள் ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்து வந்தான். காலுறைகளைத் துவைத்திருக்கலாம் என்பது அம்மாவின் கருத்து.

கண்ணாடி வந்த அன்று அப்பா சாப்பாட்டு மேசையில் வரலாறு சொன்னார். 1911-இல் அமெரிக்காவின் இண்டியானபொலிஸில் நடந்த முதல் ஐந்நூறு மைல் பந்தயத்தில், மற்றவர்கள் எல்லாம் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்திருந்தார்களாம். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலைகளில் ஒன்று. ரே ஹரூன் மட்டும் தன் மார்மன் வாஸ்ப் வண்டியில் மெக்கானிக்கை ஏற்றாமல், எதிரே ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தனியாக ஓட்டினார். ஆள் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். ஹரூன்தான் ஜெயித்தார். “ஒரு கண்ணாடி, ஓர் ஆளுக்குச் சமம்!” என்று அப்பா மேசையைத் தட்டினார். அம்மா ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். அந்த மேசையில் ஆபத்தை உணர்ந்தவள் என் தங்கை மட்டும்தான். அந்தப் பந்தயத்துக்கும் இரண்டு வருடம் முன்பே, 1909-இல், டாரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவ்வப்போது பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாரே என்று பேச்சைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை.

மாட்டுவதற்கு வந்த மெக்கானிக், இளமையில் ஹெரால்டுகளிலேயே ஊறியவர். இந்த வண்டியின் பானெட், இரண்டு முன்பக்க மட்கார்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். கண்ணாடிகள் அந்த மட்கார்டுகளின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே அடியிலிருந்து நட்டு முடுக்குவது சுலபம். பழைய நட்டுகள் துருவேறி மரை போயிருந்ததால் ஒன்றை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. புதியவை அங்குல அளவு என்பதால் வீட்டிலிருந்த மில்லிமீட்டர் ஸ்பானர்கள் எதுவும் பிடிக்கவில்லை. அவர் தன் பையிலிருந்து எடுத்த ஸ்பானருக்கு அப்பாவின் வயது இருக்கும். ரப்பர் மெத்தையை வைத்து, பெயின்ட் கீறாமல் முடுக்கி, வேலையைச் சுருக்கமாக முடித்துவிட்டார்.

நீண்டது அதற்குப் பிறகுதான். மட்கார்டு மேல் நிற்கும் கண்ணாடியை ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டித் திருப்ப முடியாது. ஒருவர் உள்ளே அமர்ந்து சொல்ல, இன்னொருவர் வெளியே நின்று திருப்ப வேண்டும். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் ஆண்டெனா திருப்பிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “கொஞ்சம் மேலே... ஐயோ, கொஞ்சம்தான் சொன்னேன்!” என்று அப்பா கத்த, இஸ்திரி போடுபவர் வலது கண்ணாடியையும் எதிர் வீட்டு வாட்ச்மேன் இடது கண்ணாடியையும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். தண்ணீர் லாரிக்காரர் வழி கேட்க இறங்கி வந்து, வழியை மறந்து, யோசனை சொல்லத் தொடங்கினார். வானம் தெரிந்தது, பிறகு வாட்ச்மேனின் சட்டைப் பொத்தான் தெரிந்தது, கடைசியில் சாலையும் தெரிந்தது. அந்த வெற்றிக் களிப்பில் மெக்கானிக் கார்புரேட்டரைக் காட்டுகிறேன் என்று பானெட்டைத் திறந்து, தொம் என்று மூடினார். இரண்டு கண்ணாடிகளும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. லாரிக்காரர் ஒரு பெருமூச்சோடு போய்விட்டார். மற்றவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

ஞாயிறு காலை வெள்ளோட்டம். அம்மா வழக்கமான இடத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேரே முன்னால் மட்டும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் சரக்கு போல மடங்கிக் கிடந்த எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. மேற்கூரை போட்டாலும் நான்கு அடி உயரமே உள்ள வண்டி இது. மாநகரப் பேருந்து அருகே வந்தபோது கண்ணாடியில் அதன் சக்கரம் மட்டுமே தரிசனம் தந்தது. தவிர, சிக்னலில் வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது பானெட் அதிர, பானெட்டோடு கண்ணாடியும் அதிர, அடையாறு முழுவதும் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது.

இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அப்பா கண்ணாடியைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“காலியா?” என்றார், மெல்ல.

“அதுதான் ஓர் ஆளுக்குச் சமமாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறதே, அதைக் கேளுங்க” என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. “இருங்க, ஆட்டோ வருது.”

ஹரூன் பிற்காலத்தில் ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: செங்கல் பதித்த அந்தப் பந்தயத் தடத்தில் கண்ணாடி ஓயாமல் குலுங்கியதால் அவருக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லையாம், வெளியே சொல்லாமல் ஓட்டியிருக்கிறார். நான் இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, “அது சரி, இறக்கிவிட்ட அந்த மெக்கானிக்குக்குக் கணக்கைத் தீர்த்துக் கொடுத்தாங்களா, இல்லையா?” என்று கேட்டாள்.